வாய் நிறையத் தண்ணீர்

எங்கள் ஊரில் ஏ.டி.எம். அட்டையை நகல் எடுக்கிறவர்கள் பணத்தைத் தொடுவதில்லை. பணம் இருந்தால்தானே தொடுவதற்கு. அவர்கள் நம்முடைய நாளிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு முதலில் போனது ஒரு மத்தியானச் சாப்பாடு. செவ்வாய்க்கிழமை ஒன்று பத்துக்குக் குறுஞ்செய்தி வந்தது. ‘தங்கள் கணக்கிலிருந்து ஒரு சாப்பாடு எடுக்கப்பட்டது. எடுத்தது தாங்கள் இல்லையெனில் உடனே அழைக்கவும்.’ நான் அப்போது தீப்பெட்டி ஆபீசில் கட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏதோ விளம்பரம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தப் புத்திக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒன்றரைக்கு வீட்டுக்குப் போனால் சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது.

“இப்பத்தானே சாப்பிட்டுப் போன?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நானா?”

“அட்டையைச் சொருகின, நம்பரை அழுத்தின, கதவு திறந்துச்சு. ரெண்டு தரம் ரசம் வாங்கிக் குடிச்ச. வேற யாரு?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பால்பாண்டி என்று பெயர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். வண்டியில் யார் ஏறினார்கள் என்று திரும்பிப் பார்ப்பது கண்டக்டர் வேலை என்றே முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். தவிரவும் எங்கள் ஊர் வீடுகளுக்குப் பூட்டு கிடையாது. கதவில் அட்டை சொருக ஒரு வாயும், பக்கத்தில் பட்டன்களும் இருக்கும். அட்டையும் நாலு எண்ணும் சரியாக இருந்தால் ஆள் சரி. முகம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிற சமாச்சாரம், அதை நம்பி யாரும் கதவு திறப்பதில்லை.

எடுத்தது எடுத்ததுதான். அன்றைக்கு நான் வாங்கித் தின்ற வடை வயிற்றுக்குப் போய்ச் சேரவே இல்லை. வியாழக்கிழமை இரண்டிலிருந்து மூன்று வரை ஒரு தூக்கம் எடுக்கப்பட்டது. சனிக்கிழமை நாத்தனாரோடு ஒரு சண்டை. அந்தச் சண்டைக்காக நாலு மாதமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வந்தவள் ஜெயித்தும் விட்டாளாம். நாத்தனார் எனக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. திங்கட்கிழமை ஒரு சிரிப்பு போனது. அன்று சாயங்காலம் டிவியில் எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு உதடு மட்டும் பிரிந்தது.

என் எண் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். மார்க்கெட் ரோடு மெஷினில் அட்டை சொருகும் வாய் போன மாதம் கொஞ்சம் தடித்திருந்தது. புதுசாக மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பட்டன்களுக்கு மேலே ஒரு பட்டை ஒட்டியிருந்தது, அதில் கடுகளவு ஓட்டை. அதையும் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய, பின்னால் வரிசை நின்றது. இதெல்லாம் போதாதென்று எண்ணை வாய்விட்டு வேறு சொன்னேன். “ஒண்ணு, எட்டு, சைபர், ஆறு.” என் மகள் பிறந்த தேதி. தீப்பெட்டி ஆபீசில் இருபத்தாறு வருஷமாக என் வேலை, கட்டுகளை எண்ணி உரக்கச் சொல்வது. நான் சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளை எழுதுவார். வாய் சொல்லாமல் எனக்குக் கை நகராது. எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, “பையைப் பிடிச்சுக்கிறேன், அக்கா” என்று வாங்கி வைத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

சாப்பாடும் தூக்கமும் போனால் போகட்டும். என் மகள் சுகிர்தா பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். பிறந்த பிள்ளையை முதலில் யார் கையில் வாங்குகிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“உன் கையிலதாம்மா குடுக்கணும்னு சொல்லிட்டேன். என் மாமியாருக்குக் கோபம்தான், இருக்கட்டும்” என்றாள் சுகிர்தா. “என்னை அப்பா வாங்கிட்டாங்க. அதான் நான் யாரையும் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க மாட்டேங்கிறேன். என் பிள்ளைக்கு உன் வாய் வேணும்.”

அவள் என்னிடம் எதுவும் கேட்டுப் பழகாதவள். பள்ளிக்கூடத்துக்குப் புதுச் செருப்பு வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. இது ஒன்றுதான் கேட்டாள்.

புதன்கிழமை காலையில் வங்கிக்குப் போனேன். கண்ணாடி போட்ட மேடம் என் கணக்கைத் திறந்து பார்த்தார்.

“பேரப்பிள்ளை இன்னும் எடுக்கப்படலையே.”

“இன்னும் பிறக்கலை, மேடம்.”

“அப்போ கணக்குலதான் இருக்கு. பிறந்ததும் யார் எண் சரியோ அவங்களுக்குப் போகும். அட்டையை முடக்கிரலாமா? புதுசு வரப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்க யாருமில்லை.”

“பத்து நாள் யாருமில்லாம இருந்தா பிரசவத்துக்கு யாரு போறது?”

“சரி, அப்போ எண்ணை மாத்துங்க. முதல்ல மெஷின் வாயைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடினா அது மெஷினோட வாய் இல்லை. இடது கையை மேல குடை மாதிரி வச்சு அழுத்துங்க. முக்கியமா, உங்க வாயை மூடுங்க.”

கடைசியில் சொன்னாரே, அதுதான் கஷ்டம். வங்கிக்குள்ளேயே இருந்த மெஷினில் இரண்டு தடவை முயன்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றால் விரல் பட்டனுக்கு மேலே நின்றது நின்றபடி நிற்கிறது. மெஷின் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அட்டையைத் துப்பியது. வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு அழுகை லேசில் வராது.

மறுநாள் ஆபீசில் பதினோரு மணிக்குச் செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். “எத்தனை கட்டு?” என்று கணக்குப்பிள்ளை கேட்டார். வாய் நிறையத் தண்ணீர். விரல் தானாக மேசையில் எண்ணிக்கையைத் தட்டிக் காட்டியது. தண்ணீரை விழுங்கக்கூட மறந்து அந்த விரலையே பார்த்தேன்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“சுகிர்தாவுக்கு வலி எடுத்திருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். நீ எப்ப வர்ற?” கொஞ்சம் நிறுத்தினார். “அட, நீதான் பக்கத்துலயே உக்காந்திருக்கியே” என்று வைத்துவிட்டார்.

கால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடப் பார்த்தது. பழைய எண்ணோடு போய் என்ன செய்ய, அது அவளிடமும் இருக்கிறது. ஆட்டோக்காரரை மார்க்கெட் ரோட்டுக்கு விடச் சொன்னேன். வங்கி அந்தப் பக்கம், மார்க்கெட் ரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி.

மெஷின் வாயைப் பிடித்து ஆட்டினேன். பல்செட் போலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே மெஷினின் சொந்த வாய் ஒல்லியாக இருந்தது. நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கடுகளவு ஓட்டையின் மேல் ஒட்டினேன். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீர் பிடித்தேன். இடது கையைக் குடையாக வைத்தேன். பழைய எண்ணைப் போட்டு, புது எண்ணைப் போட்டு, அதையே மறுபடியும் போட்டேன். எந்த எண் என்று உங்களிடமும் சொல்ல மாட்டேன். கழன்ற வாயை வாசலில் இருந்த காவலாளியிடம் நீட்டினேன். “இது நாலாவதும்மா. மேல சொல்லிருதேன்” என்று வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில், பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள். அன்றைக்குப் பையைப் பிடித்துக்கொண்டவளேதான். ஒல்லியாக, ஊதாச் சேலையில், கையில் அவர் வாங்கிக் கொடுத்த டீயோடு இருந்தாள். எனக்கு அவர் ஒருநாளும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை. ஒருவேளை அதையும் அவள்தான் எடுத்தாளோ என்னவோ.

கதவு திறந்து நர்ஸ் வந்தார். இடது கையில் துண்டில் சுற்றிய பிள்ளை, வலது கையில் பட்டன் வைத்த சின்ன மெஷின்.

“சுகிர்தாவோட அம்மா யாரு?”

இரண்டு பேரும் எழுந்தோம். அவள் முந்திக்கொண்டாள். அட்டையைச் சொருகி அழுத்தினாள். ‘தவறான எண்’ என்றது. மெதுவாக, ஒவ்வொன்றாக, மறுபடி அழுத்தினாள். ‘தவறான எண்.’ மூன்றாவது தடவையும் தப்பானால் அட்டையை விழுங்கிவிடும் என்று அவளுக்கும் தெரியும். அட்டையை உருவிக்கொண்டு விலகி நின்றாள்.

நான் பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீர் பிடித்தேன். கையை மறைத்தேன். நாலு தடவை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது.

“பொம்பளப் பிள்ளை” என்று நர்ஸ் என் கையில் கொடுத்தார்.

அவள் பக்கத்தில் வந்தாள். “எங்க வீட்ல சாப்பிட்டியான்னு யாரும் கேட்டதில்ல, அக்கா. உங்க வீட்டுக்காரரும் கேட்கலதான். ஆனா தட்டு வச்சார்.”

திட்டுவதற்கு ஒரு வண்டி வார்த்தை வந்தது. என் ஆயுசில் அவை தேவைப்பட்ட ஒரே நேரத்தில் வாய் நிறையத் தண்ணீர். அவளை முறைத்தேன். முறைக்கும்போதே பாவமாகவும் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

அவள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் இடுப்பில் சொருகினாள். “உங்க சிரிப்பு. ரெண்டு தரம் போட்டுப் பார்த்தேன், எனக்குச் சேரல. புதுசாத்தான் இருக்கு.” மிச்ச டீயை நின்றபடியே குடித்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

பிள்ளை அழவில்லை. உதட்டை இறுக மூடி, இரண்டு கன்னத்தையும் உப்ப வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் முதன்முறையாக ஒரு முகத்தை உற்றுப் பார்த்தார். பிள்ளையை, அப்புறம் என்னை.

“நீங்க முதல்ல முழுங்குங்கம்மா. முதல்ல வாங்குறவங்க மாதிரிதானே இருக்கும்” என்றார் நர்ஸ்.

முழுங்கினேன். பிள்ளை வாயைத் திறந்தது. அது அழுகை இல்லை, ஏச்சு. ஆஸ்பத்திரி விளக்கை, துண்டை, நர்ஸை, என்னை, ஒருத்தரையும் விடவில்லை. உள்ளே கட்டிலிலிருந்து சுகிர்தாவின் குரல் கேட்டது.

“அம்மாதான் வாங்கியிருக்கா.”

அவள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை.

ஏசி முடித்த பிள்ளை துண்டுக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தது. வலது கை விரலால் என் நெஞ்சில் நாலு இடத்தில் அழுத்தியது. எந்தெந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. இடது கையைக் குடையாக மேலே வைத்திருந்தது. வாய் மூடியிருந்தது.

என் போன் அதிர்ந்தது. வீட்டுக்காரரை எடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

“‘தங்கள் கணக்கிலிருந்து ஒரு பாட்டி எடுக்கப்பட்டார். எடுத்தது தாங்கள் இல்லையெனில் உடனே அழைக்கவும்.’ கூப்பிடவா?”

“வேண்டாம். இடுப்புல ஒரு பொட்டலம் இருக்கு, அதைப் பிரிங்க.”

பிரித்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.