என் கண்ணு முன்னால குடிங்க

விழுந்துகொண்டே இருக்கிறது அருவி, உச்சந்தலையில் மத்தளம் கொட்டுகிறது, வாயைத் திறந்தால் போதும், தொண்டை குளிரக் குளிர இறங்கும், ஆனால் உலகம்மைக்கு வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது, கனவில்கூட டாக்டருக்குப் பயந்த வாய், கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்குப் போனபோது இப்படியா இருந்தது, அருவியையே குடித்துத் தீர்த்துவிடுபவள் போல நின்றாள், போதும்ட்டி, வயிறு வெடிச்சிரும் என்று புருஷன் சங்கரபாண்டி கையைப் பிடித்து இழுத்தார், இழுத்த கையை இன்னும் பிடித்திருக்கிறார், கண் விழித்துப் பார்த்தால் அது தலையணை, மத்தியான வெயில், தலைமாட்டில் நாள் முழுவதற்குமான அரை லிட்டர் பாட்டில்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அவளுக்குத் தண்ணீர் அளந்துதான், டயாலிசிஸ் ஊசியைக்கூடப் பழகிக்கொண்டாள், பக்கத்துக் கட்டில்காரிகளுக்கு விடுகதை போட்டுச் சிரிக்க வைப்பாள், தாகம் மட்டும் பழகவில்லை, ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, தாமிரபரணி என் நாக்குல ஓடுது என்பாள். அதைவிடப் பெரிய ஏக்கம் ஒன்று உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள், புருஷன் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க வேண்டும். மனுஷன் அவள் எதிரில் ஒரு மடக்கு குடிப்பதில்லை, சோறு விக்கினாலும் நெஞ்சைத் தட்டிக்கொள்கிறார், தாகம் தாங்காதபோது கொல்லைக் குழாயடியில் திருடனைப் போலக் குடிக்கிறார், முன்பெல்லாம் வேலைவிட்டு வந்ததும் செம்பைத் தூக்கி அண்ணாந்து மடக் மடக்கென்று ஊற்றிக்கொள்வாரே, அந்த மனுஷன் எங்கே போனார். இன்று காலை அவருக்கு நீர்க்கடுப்பு, தண்ணியே குடிக்கிறதில்லையா என்று டாக்டர் திட்டி அனுப்பினார், அதைக் கேட்டுவிட்டுத்தான் இவள் படுத்தாள், தூங்கினாள், அருவியில் நின்றாள்.

இப்போது குழாயடியில் சத்தம் கேட்கிறது. உலகம்மைக்கு வந்ததே கோபம், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள், செம்பு நிறைய மொண்டு கொல்லை வாசலில் நின்று நீட்டினாள், இந்தாங்க, என் கண்ணு முன்னால குடிங்க. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், உனக்கு முன்னாடி எப்படிட்டி. அவள் விடவில்லை, வீட்டுக்கு ஒரு நோயாளி போதும், நீங்களும் படுத்துட்டா என்னைய யாரு பாக்க, குடிங்கங்கேன்.

அவர் அண்ணாந்தார், தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியது, கூடவே அவளுடையதும் வெறுமனே ஏறி இறங்கியது, மீசை நனைந்தது, சட்டை நனைந்தது, கண்ணும்தான். எப்படி இருக்கு என்று கேட்டாள். சொல்லலாமா என்று தயங்கி, இனிக்குதுட்டி என்றார். பொய் சொல்லாமல் விட்டாரே என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம், நல்லா இனிக்கட்டும் என்று செம்பை வாங்கிக்கொண்டு மறுபடியும் மொள்ளப் போனாள்.