பேனரில் இருந்த முடி

நாற்காலி மேல் ஏறி நின்று, சமையலறைக் கத்திரிக்கோலால் மகள் அந்தப் பேனரின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள். நைலான் கயிறு. பால் பாக்கெட்டைத் தவிர வேறெதையும் வெட்டிப் பழகாத கத்திரிக்கோல். உள்ளே கூடத்தை ஒட்டிய அறையில், அக்கம்பக்கத்துப் பெண்கள் குளிப்பாட்டி, முக்காடு போட்டுக் கிடத்திய அம்மா. வெளியே பேனரில் அதே அம்மா, தலை நிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த முடி அம்மாவுடையது இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த பழைய படத்தில் அம்மா முக்காடு போட்டிருந்தாள். இன்று வீட்டு வாசலில் கட்டிய பேனர் நாளை பள்ளிக்கூட ஹாலுக்குப் போக வேண்டும். அரசுப் பள்ளிக்குள் ஆட்கள் மேலோ சுவரிலோ மத அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது என்பது புதுச் சட்டம். ஆகவே கம்ப்யூட்டர் சார் முக்காட்டை அழித்துவிட்டு, யாருடைய முடியையோ எடுத்து ஒட்டியிருந்தார். நடுவகிடு வேறு. அம்மா ஆயுசில் நடுவகிடு எடுத்ததில்லை.

"பாத்து இறங்கும்மா, விழுந்துடப் போற," என்றார் கீழே நின்ற தலைமை ஆசிரியை. "பிடிக்கலேன்னா வேற அடிச்சுக்கலாம். ஒரு மரியாதைக்குத்தானே செஞ்சோம்?"

"செத்தவளுக்கு சவுரி வெச்சு விடுறதுதான் மரியாதையா?"

அம்மா அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர். சட்டம் வந்த நாளிலிருந்து தினமும் கேட் ஓரமாக நின்று முக்காட்டைக் கழற்றி, மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்காகவே மாமா இந்த வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார். சம்பளத்துக்காகத் தலையைத் திறந்தவள் என்று கூடப்பிறந்த தங்கையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பிறகு அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்தில் முடியெல்லாம் கொட்டியது. அப்போது தலைமை ஆசிரியைக்கு நல்ல மனசு வந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்துடுங்க டீச்சர். நோய்க்காகக் கட்டுறதுக்குத் தடையில்ல. அதே துணியையே கட்டிக்கலாம்."

"அதே துணியாம்டி!" என்று அன்று சாயங்காலம் வந்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "என் க்ளாஸ் பொண்ணுங்க சிலது கேட்லயே கழட்டிட்டு வருதுங்க. நான் மட்டும் லெட்டரக் காட்டிட்டு, அதுங்க முன்னாடி கட்டிக்கிட்டு நிக்கணுமா? கழட்டச் சொன்னா கழட்டுறேன். எதுக்குக் கட்டுறேன்னு எவளுக்கும் எழுதிக் குடுக்க மாட்டேன்."

மறுநாளும் வழக்கம்போல் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு வகுப்புக்குப் போனாள். மத்தியானமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். வீட்டில் ஓய்வெடுக்க வேண்டுமாம். சட்டப்படிதானே வந்தேன் என்று கேட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சாக்பீஸைத் தொடவே இல்லை. ஒரு லெட்டர்தானே, வாங்கிக் கொடுத்துத் தொலையேன் என்று மகளும் அப்போது அம்மாவிடம் கத்தியிருக்கிறாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இனி அதை யாரிடம் காட்டுவது?

கயிறு அறுந்து பேனர் தரையில் விழுந்தது.

"கிழிச்சுப் போடு!" என்று மாமா உள்ளேயிருந்து வந்தார். காலையிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான். "முக்காட்டுக்காக வேலையவே தூக்கி எறிஞ்சவ என் தங்கச்சி. மானஸ்தி!"

"தப்பா சொல்றீங்க," என்றார் தலைமை ஆசிரியை. "தினமும் கழட்டிட்டுத்தான் வந்தாங்க. சட்டத்த அவ்வளவு மதிச்ச டீச்சர்."

"நீங்கதான் மிரட்டிக் கழட்ட வெச்சீங்க!"

"எங்களுக்கு எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணுதான் சார்."

பிணத்தை வைத்துக்கொண்டு பட்டிமன்றம். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, அம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்ப ஒரு தடவ வந்தீங்களா? அப்பக் காணாத தங்கச்சி இப்ப எங்கருந்து வந்தா?" மாமா வாயைத் திறப்பதற்குள் அவள் தலைமை ஆசிரியையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "நீங்க வாங்க டீச்சர். பிள்ளைங்க எதப் பாத்து பயந்துச்சுன்னு நீங்களே பாத்துட்டுப் போங்க."

அறைக்குள் இழுத்துப் போய் அம்மாவின் தலைமாட்டில் நிறுத்தினாள். முக்காட்டின் ஓரத்தைப் பிடித்தாள். ஒரே இழுப்பு போதும். தலைமை ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏய், அதுல கை வெக்காத!" என்று நிலைப்படியிலிருந்து மாமா கத்தினார்.

கை அப்படியே நின்றது. ஆளாளுக்குத் தங்கள் வசதிக்கு அம்மாவின் தலையைத் திறந்தும் மூடியும் பார்த்தாகிவிட்டது. நானுமா என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வெளிய போங்க," என்றாள். "ரெண்டு பேரும்."

போனார்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிடித்ததில் காதோரம் துணி கொஞ்சம் நழுவியிருந்தது. சரிசெய்ய விரல்களை உள்ளே விட்டபோது என்னவோ சொரசொரவென்று பட்டது. முடி. மருந்தை நிறுத்தியதும் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. அரிசி நீளம்கூட இல்லை.

வண்டி வந்துவிட்டதென்று யாரோ கதவைத் தட்டினார்கள்.

"இருங்க," என்றாள்.

முக்காட்டுக்குள்ளேயே உள்ளங்கையை வைத்து, பின்னங்கழுத்திலிருந்து நெற்றிவரைக்கும் ஒரு முறை மெல்லத் தடவினாள்.