பெரிய வெள்ளிக்கு ரயிலில் வந்த மீன்கள்

1976ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று மத்தியானம், ஹோக்ஸ்பரி ஆற்றுப் பாஸ் மீன்கள் கூட்டமாகக் கதிர்காமநாதனோடு விண்ட்சரில் ரயிலேறி, வழியில் வண்டி மாறி, பென்டில் ஹில்லில் வந்திறங்கின. தலை உயரத்தில், காற்றிலே நீந்திக்கொண்டு வந்தன. டிக்கெட் பரிசோதகர் பெட்டிக்குள் வந்து ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். மீனை வாளியில் கொண்டுபோகலாம் என்று விதி இருக்கிறது, வாளி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்று விதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அந்தக் கிழமை உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்தது. ரயிலில் இருந்த சனம் அதைத்தான் கதைத்தது.

கதிர்காமநாதனை எல்லோரும் கதிர் என்றுதான் கூப்பிட்டார்கள். 1973இல் கொழும்பிலிருந்து வந்து, ஒபீஸ் ஒன்றில் படம் கீறுகிற வேலையில் சேர்ந்தவன். சனிக்கிழமை வேலை, வெள்ளி லீவு. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. அவன் இருந்தது அக்கா நாகேஸ்வரியின் வீட்டில். நாகேஸ்வரி வியாழன் பின்னேரமே மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டியை அகப்பையோடு சேர்த்துக் குசினியிலிருந்து கராஜுக்கு நாடுகடத்திவிடுவா. வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குள் ஒரு நெத்தலித் தலைகூட நுழைய முடியாது. பிடித்த மீனை ஃபிரிட்ஜில் வைத்துச் சனிக்கிழமை சமைக்கலாமே என்று தம்பி ஒருமுறை கேட்டுப் பார்த்தான். "ஃபிரிட்ஜ் ஆரின்ரை வீட்டுக்குள்ள நிக்குது?" என்று அக்கா கேட்டா. அதோடு அந்தக் கதை முடிந்தது. மனுசனுக்கு மீன்பிடி என்றால் உயிர். லீவு கிடைத்ததோ மீன் தின்னக்கூடாத நாளில்.

ஆனாலும் அவன் விடவில்லை. விடியவே எழும்பி முதல் ரயிலில் விண்ட்சருக்குப் போவான். பூமியின் தென்பாதி என்பதால் சித்திரையும் வைகாசியும் அங்கே இலையுதிர் காலம். கோடையில் பாஸ் மீன் கரையோர மர நிழலில் கிடந்து, தண்ணீரில் விழுகிற வண்டு பூச்சிக்கு வாய் திறக்கும். மிதக்கிற தூண்டிலே போதும். தண்ணீர் குளிரத் தொடங்கினால் அந்தப் பருப்பு வேகாது. மீனெல்லாம் ஆழக் குழிகளில் கூடிவிடும். குளிர்காலத்தில் முட்டையிட உப்புத் தண்ணீர்வரை கீழே போக வேண்டும், அதனால் தூரப் பயணம் போகிற ஆட்கள் மாதிரி அள்ளி அள்ளிச் சாப்பிடும். அந்த நேரம் மீன்குஞ்சு போல மினுங்குகிற, கொக்கி பூட்டிய சின்னத் தகரத் துண்டை, விழுந்து கிடக்கிற மரத்துக்கு மேல்பக்கமாக வீசி, அடியைத் தொடும்வரை தாழவிட்டு, ஓட்டத்தோடு மெல்ல மெல்லச் சுற்றி இழுக்க வேண்டும். ஆளின் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. அவசரப்பட்டால் காரியம் கெட்டது. கதிர் படம் கீறுகிறவன் அல்லவா, அவனுக்கு அவசரம் என்பதே தெரியாது.

பிடித்தான், முதுகைத் தடவினான், விட்டான். கொக்கியைக் கழற்றும்போது ஒவ்வொன்றிடமும், "இண்டைக்கு வெள்ளி, நீ போய்ட்டு வா" என்பான். இரண்டு வருடம் இப்படியே போனது. மீன் மடையன் இல்லை. முதலில் கொக்கியில்லாத பக்கமாக வந்து தகரத்தை இடித்து விளையாடின. பிறகு தூண்டில் போடமுன்னமே காலடிக்கு வந்தன. 1976 பங்குனியில் தண்ணீரை விட்டு எழும்பி, அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்று செட்டையை ஆட்டின. ஒருதரம் ஆசைக்கு லீவு போட்டுவிட்டுப் புதன்கிழமை போய்ப் பார்த்தான். ஒன்றுகூட வாலைக் காட்டவில்லை.

மார்கரெட்டைச் சந்தித்தது அதற்கு ஒரு வருடம் முன்னம், திரும்பி வருகிற ரயிலில். மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண், விண்ட்சரில் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எதிர்க் கதிரையில் நனைந்த கால்சட்டையும் வெறும் வாளியுமாக இருந்தவனைப் பார்த்து, "மீனு எங்கங்க?" என்று கேட்டாள்.

"விட்டிட்டன். இண்டைக்கு வெள்ளியெல்லோ."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கிழவி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டாள். "எங்க வீட்ல வெள்ளிக்கிழமைன்னாத்தான் மீனே சமைப்பாங்க" என்றாள் மார்கரெட். அதன்பிறகு ஒரு வருடம், வெள்ளி தவறாமல், இரண்டு பேருக்கும் அந்த ஒரே ரயில்தான் கிடைத்தது. எங்கட சனம் சும்மா இருக்குமா? கலியாணத் திகதியை இவர்களுக்கு முன்னமே குறித்து வைத்திருந்தது.

மார்கரெட்டின் தகப்பன் அருமைநாதன் மகளைப் பார்க்க வந்தார். கிள்ளான் துறைமுகத்தில் காலமெல்லாம் சரக்குப் பரிசோதித்தவர்; பெட்டியைத் திறந்து காட்டாதவரை எவனையும் நம்பமாட்டார். மாப்பிள்ளை சைவ சமயம் என்பது அவருக்குப் பெரிய குறையாகப் படவில்லை. குறை வேறு. "வாரா வாரம் மீன் பிடிக்கப் போறாராம், ஒரு மீனும் வர்றதில்ல. அப்ப எங்கதான்மா போறாரு? கழுவுற மீன்ல நழுவுற மீனா இருக்காரே உன் ஆளு" என்றார். பெரிய வெள்ளிக்கு இவன் பிடித்த மீன் மேசைக்கு வரவேண்டும், வராவிட்டால் மகளும் தன்னோடு விமானம் ஏறவேண்டும் என்று முடிவாகச் சொன்னார். மார்கரெட் கதிரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவை மீறி நான் வரமாட்டேங்க. உங்களையும் என்னால விட முடியாது. ஏதாவது பண்ணுங்க" என்றாள். நாகேஸ்வரி இரண்டு நாள் குசினியையே கழுவிக்கொண்டு நின்றா. மூன்றாம் நாள், கராஜில் அடுப்பை வைத்து அந்தச் சட்டியில் சமைக்கலாம், தான் கண்ணை மூடிக்கொள்வதாகச் சொன்னா. தம்பி என்றால் அவவுக்கு அவ்வளவு பாசம்.

வருசப் பிறப்பு முடிந்த கையோடு பெரிய வெள்ளி வந்தது. கதிர் முதன்முதலாகக் கத்தி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். மீன்கள் வழக்கம்போல எழும்பி வந்தன. எல்லாவற்றிலும் பெரியது அவன் கைகளில் வந்து படுத்தது. அவன் கத்தியை எடுத்தான். அது அசையவில்லை, அவன் எதைச் செய்தாலும் சரியாகத்தான் செய்வான் என்பதுபோலக் கிடந்தது. அவன் கத்தியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கரையில் குந்தியிருந்து அழுதான். மார்கரெட் இல்லாமல் தன்னால் இருக்கேலாது என்று சொன்னான். கிள்ளான்காரரின் நிபந்தனையையும் சொன்னான். ஆற்றங்கரையில் வேறு யார் இருக்கிறார்கள் சொல்ல? எல்லாம் சொல்லி முடித்து வெறும் வாளியோடு ஸ்டேஷனுக்கு நடந்தபோது, பின்னால் ஈரச் சத்தம் கேட்டது. திரும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அவை போகவில்லை.

பென்டில் ஹில்லில் நாகேஸ்வரி நெருப்புப் பெட்டியோடு கராஜ் வாசலில் நின்றா. தம்பியின் தலைக்கு மேலே வருகிற கூட்டத்தைப் பார்த்தா. வெள்ளிக்கிழமை மச்சம் வீட்டுக்குள் வரலாமா என்பதுதான் அவவுக்கு வந்த ஒரே கேள்வி. "வெட்டிச் சட்டியில போட்டால்தான் மச்சம். உயிரோட வாசலுக்கு வந்தால் விருந்தாளி. உள்ளுக்கு வரச் சொல்லு" என்று சொல்லி, நெருப்புப் பெட்டியை இடுப்பில் செருகினா.

அருமைநாதன் விடியலிலிருந்து உபவாசம். உள்ளே மேசைத் தலைமாட்டில், மகளைப் பக்கத்தில் இருத்தி, வெறும் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். மீன்கள் கதிரின் தோளில் உரசின, நாகேஸ்வரியின் கொண்டையில் இருந்த பூவை மணந்து பார்த்தன. ஆனால் தகப்பனையும் மகளையும் ஒரு முழம் விட்டே சுற்றின. அருமைநாதன் நெடுநேரம் அதைக் கவனித்தார். பரிசோதித்தே பழகின கண் அல்லவா.

"எங்க கிட்ட மட்டும் ஏன் தம்பி வரமாட்டேங்குது?"

"நீங்கள் வெள்ளிக்கிழமையில சாப்பிடுறனீங்கள் எண்டு அவைக்குத் தெரியும் ஐயா. நான் விட்டிடுவன் எண்டும் தெரியும்."

அருமைநாதன் கோப்பையை ஒரு பக்கம் தள்ளினார். சிலுவை அடையாளம் போட்டார். பிறகு இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, உள்ளங்கை மேலே தெரிய விரித்தார், தானே தன்னைச் சோதனைக்குக் கொடுக்கிறவர் மாதிரி. அந்தப் பெரிய மீன் விளக்குக்குக் கீழே இரண்டுதரம் சுற்றியது. பிறகு மெல்ல இறங்கி, பாரமாக, குளிர்ச்சியாக, அவர் கைகளில் வந்து கிடந்தது. அவர் மூச்சுக்கூடப் பெலமாக விடவில்லை. அவருடைய கண் நிறைந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை எங்க போறாருன்னு இப்ப தெரிஞ்சிபோச்சும்மா" என்றார் மகளிடம். பிறகு நாகேஸ்வரியைப் பார்த்து, "வேற என்ன சமைச்சிருக்கீங்க? பசிக்குது" என்றார். கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் இருந்தன. மூன்றுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று பின்னேரமே அவரும் கூடப் போய் மீன்களை ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். அவைக்குக் கடல்வரை பயணம் இருந்தது. ஆவணியில் கலியாணம். காலையில் தேவாலயத்தில் மோதிரம், பின்னேரம் நாகேஸ்வரி வீட்டில் தாலி. மார்கரெட் வெள்ளிக்கிழமை மீனை விடவில்லை, விடச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை. கராஜில் ஒரு கதிரையைப் போட்டு, கடையில் வாங்கிய மீனை அந்தச் சட்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டாள். இலையுதிர் காலத்தில் ஆற்று மீன்கள் வந்தால், அவள் கை கழுவிவிட்டு வரும்வரை உடுப்புக் காயப்போடுகிற கம்பியடியில் பொறுத்திருந்து, பிறகு அவளிடமும் வந்தன. எந்த மீனைப் பற்றியும் அவள் அவைக்குப் பொய் சொன்னதில்லை. சித்திரை, வைகாசி வெள்ளிகளில் விண்ட்சர் வண்டியின் கடைசிப் பெட்டியில் யன்னல்களைக் கொஞ்சம் திறந்துவைக்கும்படி ஸ்டேஷனில் சொல்லிவைத்திருந்தார்கள். உள்ளே புழுக்கமாக இருந்தால் மீன்களுக்கு ஒத்துக்கொள்ளாது.