சிங்கராயர் அறையில் மார்கழி

அந்த வருஷம் ஆனி மாதத்தில் சங்கராபுரம் முழுக்க ஆனியாகவும், சிங்கராயர் படுத்திருந்த அறையில் மட்டும் மார்கழியாகவும் இருந்தது. வாசலில் வெயில் காலைச் சுட்டது. அறைக்குள் ஜன்னல் கம்பியில் பனி முத்து முத்தாக நின்றது. பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, கொடியில் கிடந்த சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள்.

காரணம் மருமகள் செலினா வார்த்த மெழுகுவத்தி. புருஷன் ரெக்ஸ் குவைத்துக்கு லாரி ஓட்டப் போனதிலிருந்து அவள் வீட்டிலேயே சோப்பும் மெழுகுவத்தியும் செய்துவந்தாள். தேங்காயெண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலை விட்டுக் கிண்டி, கூழ் இறுகும் பதத்தில் வாசனை எண்ணெய் சேர்த்து அச்சில் ஊற்றுவாள். பருவத்துக்கு ஒரு வாசனை. சித்திரைக்கு வேப்பம்பூ, ஐப்பசிக்கு நனைந்த மண், கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் பனியும் கலந்த ஒன்று. ஐப்பசி சோப்பு போட்டுக் குளித்த பூக்காரி அம்சவள்ளி தெருவில் நடந்தால் அவள்மேல் மட்டும் தூறும். அவள் ஒரு குடை வாங்கிக்கொண்டாள். வேறு புகார் சொல்லவில்லை.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சிங்கராயர், வைகாசியில் நுரையீரல் கெட்டுப் படுத்தார். கள்ளக்குறிச்சி டாக்டர் செலினாவைத் தனியே கூப்பிட்டு, ஆடி தாண்டுவது கஷ்டம் என்றார். ரெக்ஸுக்கு டிசம்பரில்தான் லீவு. போனில் அவன் அழுதான். அன்று சாயங்காலம், நல்ல வாசனையாவது இருக்கட்டுமென்று, மிச்சமிருந்த கிறிஸ்துமஸ் மெழுகுவத்தி ஒன்றை மாமனார் தலைமாட்டில் ஏற்றினாள் செலினா. ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் கிழவரின் மூச்சு வெண்புகையாக வந்தது. வாரங்கள் போயின. அறையில் மாதம் நகராததால் வியாதியும் நகரவில்லை. டாக்டர் நாடி பார்த்துவிட்டு, அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஆடியில், புது மெழுகுவத்தி வார்க்கக் கிறிஸ்துமஸ் வாசனை எண்ணெய் தீர்ந்துவிட்டது. பாண்டிச்சேரிக் கடைக்காரர், “அது சீசன் சரக்கும்மா, நவம்பர்லதான் வரும்” என்றார். சந்தைக்குத் தேன் கொண்டுவரும் சாலம்மாள்தான் வழி சொன்னாள். “எங்க ஊருக்குக் கீழ வெயில் வுழாத பள்ளம் ஒண்ணு இருக்குது. போன மார்கழி இன்னும் அங்கதான் கெடக்குது. வா, புடிச்சிக்கினு போ.” செலினா கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினாள். பள்ளத்துப் புல்லில் வெள்ளைத் துணியை விரித்து, நனைந்ததும் பாட்டிலில் பிழிந்துகொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலை மூடினார்கள். அதை மெழுகில் கலந்து வார்த்து, பாட்டில் தீரத் தீர இப்படியே போய்வந்தாள். அறைக்குள் குளிரும் வெளியே வெயிலும் மாறி மாறிப் பட்டு அவள் உள்ளங்கை வெடித்தது.

டிசம்பரில் ரெக்ஸ் வந்தான். அப்பாவும் பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் கழிந்து, கேக் தீர்ந்த பிறகு சிங்கராயர் மருமகளைக் கூப்பிட்டார்.

“போதும்மா. மெழுகுவத்திய அணைச்சுடு.”

“இன்னா மாமா பேசறீங்க? இதுக்கா நான் மலைக்கும் வூட்டுக்கும் அலைஞ்சிக்கினு கெடந்தேன்?”

“நீ அலைஞ்சதாலதான் புள்ள மூஞ்சியப் பாத்தேன். ஆனா எத்தினி மாசமா ஒரே மாசத்துல படுத்துக்கினு கெடக்கறது? குளுரு ஜாஸ்தியா இருக்குது. கரும்பு வண்டி போறதப் பாக்கணும். தை பொறக்கட்டும்.”

செலினா பின்கட்டுக்குப் போய், உருக்கிவைத்த மெழுகு சட்டியிலேயே ஆறி உறையும்வரை நின்றாள். டாக்டரைக் கேட்டோம், புருஷனைக் கேட்டோம், கிழவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. உள்ளே வந்து விரலை நனைத்துத் திரியைக் கிள்ளினாள்.

ஜன்னலில் வெயில் வந்தது. நின்றிருந்த வியாதியும் தன் நடையில் நடக்க ஆரம்பித்தது. தை பிறந்ததும் சிங்கராயரை நாற்காலியோடு தூக்கி ரோட்டோரம் வைத்தார்கள். ஆலைக்குப் போகிற டிராக்டர்களை அவர் ஒன்று விடாமல் பார்த்தார். டிரைவர்கள் சிலர் ஹாரன் அடித்துக் கும்பிட்டார்கள். ஒருவர் இறங்கிவந்து கரும்பு ஒடித்துக் கொடுத்தார். மாசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடித்து ரெக்ஸ் குவைத்துக்குப் போனான்.

இப்போது ஐப்பசி அடைமழையில் ஊரே ஊறிக்கிடக்கும்போதும் சிங்கராயர் கல்லறைமேல் மட்டும் தை மாத இளவெயில் அடிக்கிறது. மழைக்காலத்தில் சோப்பு சீக்கிரம் உலராது என்பதால் செலினா தட்டுத் தட்டாகக் கொண்டுபோய் அங்கே அடுக்குகிறாள். போன வாரம் கல்லறைத் தோட்டக் காவல்காரர் சின்னராசு, “கொஞ்சம் ஓரமா வைம்மா, என் சட்டை காயுது” என்றார். செலினா தட்டை நகர்த்தி வைத்தாள்.