தாகே இன்னும் பொத்தானை அழுத்தவில்லை

ராவ்னோ தீவுச் சங்கத்தின் செய்திமடல் தனக்குத் தொடர்ந்து வேண்டும் என்று முதலில் ஒப்புதல் அனுப்பியவர் ரொட்டிக்கடை ஓர்லா. அப்போது அவர் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஒப்புதல் விடிந்தும் விடியாமலும் வந்தது. உயிரோடிருந்த காலத்திலும் ஓர்லா அந்த நேரத்தில்தான் அடுப்பிலிருந்து முதல் தட்டை வெளியே எடுப்பார். அன்று மாலைக்குள் பழைய பள்ளி ஆசிரியர், மீன்பிடித்துக்கொண்டிருந்த இரட்டைச் சகோதரர்கள், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த அம்மாள் என்று மேலும் பலர் ‘ஆம், தொடர்ந்து அனுப்புங்கள்’ என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்கள். எல்லோரும் அதே தேவாலயத்தின் பின்புறம் புதைக்கப்பட்டவர்கள். உயிரோடிருந்தவர்களில் ஒருவர்கூட அழுத்தவில்லை.

அது 2018, மே மாதம். டென்மார்க்கில் அந்த மாதம் மழையே பெய்யவில்லை. ஐரோப்பா முழுவதற்குமான புதிய தகவல் பாதுகாப்புச் சட்டம் இருபத்தைந்தாம் தேதி நடைமுறைக்கு வர இருந்தது. சங்கத்தின் செயலாளர் விபேகே தோருப், நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் கடைசி வரிவரை படிப்பவர். பழைய மின்னஞ்சல் முகவரிகளுக்கு மடல் அனுப்புவதென்றால் ஒவ்வொருவரிடமும் மறுபடி சம்மதம் வாங்கிவிடுவதே ஒழுங்கு என்று முடிவு செய்தார். கூடவே டென்மார்க் தன் பங்குக்குச் சேர்த்திருந்த ஒரு வரியும் அவர் கண்ணில் பட்டது: இறந்தவர்களுக்கும் பத்து வருடம்வரை இந்தப் பாதுகாப்பு உண்டு. ராவ்னோ சங்கத்தின் விதிப்படி, உறுப்பினர் தானே எழுதிக் கொடுத்தால் ஒழிய விலக முடியாது. இறந்தவர்கள் யாரும் எழுதிக் கொடுக்காததால் அவர்கள் பெயர்கள் அப்படியே இருந்தன. வியாழன்தோறும் மடலும் போய்க்கொண்டிருந்தது. ஆகவே விபேகே அவர்களிடமும் சம்மதம் கேட்டார்.

சங்கத் தலைவர் எய்கில் பிராஸ்க் பன்றிப்பண்ணை வைத்திருந்தவர், எதற்கும் பதறாதவர். விஷயம் கேள்விப்பட்டு விபேகேயின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“செத்தவங்களுக்குமா அனுப்பின?”

“விலகுறேன்னு யாரும் எழுதிக் குடுக்கலையே.”

“எப்படி எழுதிக் குடுப்பாங்க விபேகே?”

“அது அவங்க பாடு. விதிமுறையில கையெழுத்துப் போட்டது நீதான்.”

எய்கில் காப்பியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார். “சரி, ஓர்லா வேற என்ன எழுதியிருக்கான்?”

“எழுத்துப் பிழையைக் குறைக்கச் சொல்றான்.”

“அப்போ அவனேதான்,” என்றார் எய்கில்.

சம்மதம் செல்லுமா என்று விபேகே கோபன்ஹேகனில் இருந்த தகவல் பாதுகாப்பு அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டார். எடுத்த இளைஞர், இறந்த வருடத்தை மட்டும் கேட்டார். பத்து வருடத்துக்குள் என்றால் செல்லும் என்றவர், வேறு ஏதாவது கேள்வி உண்டா என்றார். இல்லை என்றார் விபேகே. உயிரோடிருந்தவர்கள் ஏன் பதில் போடவில்லை என்பதிலும் மர்மம் ஒன்றுமில்லை. அந்த மாதம் வங்கியும் செருப்புக்கடையும் பல் மருத்துவரும், எப்போதோ ஒரு முறை தங்கிய ஸ்பெயின் ஹோட்டலும் ‘உங்களுக்குத் தொடர்ந்து எழுதலாமா’ என்று ஆளாளுக்குக் கேட்டு உயிரை எடுத்தார்கள். தீவுக்காரர்கள் எதையும் திறக்காமலே மொத்தமாக அழித்தார்கள். இறந்தவர்களுக்கோ பல வருடமாக ஒரு விளம்பரம்கூட வந்திருக்கவில்லை. கேட்டதே போதும் என்று அழுத்தினார்கள்.

இறந்தவர்களில் ஒரே ஒருவர் மட்டும் அழுத்தவில்லை. அவர் விபேகேயின் கணவர் தாகே. படகில் எஞ்சின் பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் இறந்தவர். கேட்ட கேள்விக்குக் கேட்ட அன்றே பதில் சொல்லும் பழக்கம் தாகேயிடம் இருந்ததில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று விபேகே கேட்டது, குழந்தைகள் வேஷம் போட்டு மிட்டாய்ப் பீப்பாயை அடித்து உடைக்கும் பிப்ரவரித் திருவிழாவில். தாகே மே மாதம் முரல் மீன் கரைக்கு வந்தபோது, அதன் பச்சை நிற முள்ளை உருவிக்கொண்டே, தலை நிமிராமல் “ஆமா” என்றார். “எதுக்கு ஆமா?” என்று விபேகே கேட்க வேண்டியிருந்தது. அவர் போன பிறகு, விபேகேயிடமிருந்து அவருக்குப் போய்க்கொண்டிருந்தது அந்த வியாழக்கிழமை மடல் ஒன்றுதான். ஒப்புதல் வராவிட்டால் இருபத்தைந்தாம் தேதி அதுவும் நின்றுவிடும். விபேகே இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பினார். பிறகு வெட்கத்தை விட்டு ஓர்லாவுக்கே எழுதிக் கேட்டார். “இங்கதான் இருக்கான். ஏதோ ஒரு மோட்டாரைப் பிரிச்சுப் பரப்பி வெச்சிருக்கான். அப்புறம் பாக்குறேன்னான்,” என்று பதில் வந்தது.

கடைசி நாள் மாலை எய்கில் வேலியோரம் நின்று பேசினார். “அவன் பேரை மட்டும் விட்டு வையேன். யாரு வந்து பாக்கப் போறா?”

“நான் பாப்பேனே.”

“உன் புருஷன்தானே.”

“அதனாலதான். ஊர்ல எல்லாரையும் எடுத்துட்டு என் வீட்டு ஆளை மட்டும் வெச்சுக்கிட்டா, நாளைக்கு நீயே நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவ.”

எய்கில் மறுக்கவில்லை, பேசக்கூடியவர்தான். மறுநாள் காலை விபேகே தாகேயின் முகவரியை நீக்கினார். பிறகு வெளியே போய், தண்ணீருக்குப் பஞ்சம் என்று தெரிந்தும், காய்ந்த புல்லுக்கு ஒரு வாளி ஊற்றினார்.

அடுத்த வியாழன் முதல் செய்திமடல் இறந்தவர்களுக்கு மட்டும் போனது. உயிரோடிருந்தவர்கள் தவித்துப்போனார்கள். ஓர்லாவின் தங்கை யூத்தே, கோடைகாலப் படகு நேரம் மாறியது தெரியாமல், பெட்டியும் தொப்பியுமாகத் துறைக்கு வந்து வெறும் கடலைப் பார்த்து நின்றாள். ஊர் கூடிச் சாப்பிடும் பொதுச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் பிந்தி வந்தவர்கள் காலி மேசைகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். யூத்தே நேரே விபேகேயிடம் போனாள். “எனக்கு ஏன் சொல்லல?” “நீதான் அழுத்தலையே.” “இப்ப சொல்றேன், அனுப்பு.” “வாயால சொன்னா ஆச்சா? பொத்தானை அழுத்து.” யூத்தே தேடியும் அந்த மின்னஞ்சல் கிடைக்கவில்லை, ஸ்பெயின் ஹோட்டலோடு சேர்த்து அழித்திருந்தாள். புதிதாக ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்க அவளுடைய ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வாரமே ஓர்லா மடலைத் தங்கைக்கு அனுப்பி வைத்தார், மேலே, “படகு நேரத்தைக்கூடச் செத்தவன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா உனக்கு?” என்று எழுதியிருந்தார். இரட்டைச் சகோதரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். ஆர்கன் அம்மாள் தேவாலயத்துப் பாட்டுக்குழு மொத்தத்துக்கும் அனுப்பினார். இலையுதிர்காலம் வருவதற்குள், தீவில் சேதி இப்படித்தான் வரும் என்றாகிவிட்டது. அதன் பிறகு உயிரோடிருந்தவர்களுக்குப் பொத்தானை அழுத்தவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

வருடங்கள் போயின. எய்கில் பண்ணையை விற்றார். தலைவர் பதவியை யாரும் ஏற்க முன்வராததால் அதை மட்டும் வைத்துக்கொண்டார். கரோனா வருடத்தில் பொதுக்குழு இணையத்தில் நடந்தபோது, இணைப்பு அறுந்துபோகாமல் கடைசிவரை இருந்தவர்கள் இறந்தவர்கள்தான். கேமராவை மட்டும் யாரும் போடவில்லை. ஓர்லா பத்து வருடம் தாண்டினார். சட்டம் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று கொஞ்ச நாள் வருத்தப்பட்டார். பிறகு மறுபடி எழுத்துப் பிழைக்குத் திரும்பினார்.

2022 பிப்ரவரியில் தாகேக்கும் பத்து வருடம் முடிந்தது. இனி அவரிடம் சம்மதம் கேட்கத் தேவையில்லை. விபேகே சட்டத்தை எடுத்து இன்னொரு முறை வாசித்தார், அடுத்த வியாழன் தாகேயின் முகவரியைச் சேர்த்து மடலை அனுப்பினார். காப்பியை ஊற்றிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் பதில் வந்துவிட்டது. தாகே வாழ்நாளிலும் அதன் பிறகும் உடனுக்குடன் போட்ட பதில் அது ஒன்றுதான்.

“இதுக்கு நான் எப்போ சம்மதிச்சேன்?”

விபேகேயின் சிரிப்பு அடுத்த வீட்டில் யூத்தேக்குக் கேட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: “சட்டப்படி இனி உன்னைக் கேட்கவேண்டியதில்லை. ஆனாலும் கேட்கிறேன். வேண்டுமா, வேண்டாமா?” எழுதியவர், பதில் வரும்வரை அவருக்கு அனுப்புவதையும் நிறுத்தி வைத்தார். எய்கிலுக்கு இது பொறுக்கவில்லை.

“சட்டமே கேக்க வேண்டாங்குது. நீ எதுக்குப் போய்க் கேட்ட?”

“தாகேயைக் கேக்காம அவன் தலையில நான் எதையும் கட்டினதில்ல.”

“வேண்டாம்னுட்டா?”

“சொல்ல மாட்டான்,” என்றார் விபேகே. ஆனால் அந்த மார்ச்சிலும் ஏப்ரலிலும் அவர் கணினியை மூடவே இல்லை. யாராவது எதிர்ப்பட்டால், இன்னும் பதில் வரவில்லை என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்.

மே மாதம் முரல் மீன் கரைக்கு வந்தது. எய்கில் கொண்டுவந்து கொடுத்த மீன்களிலிருந்து விபேகே பச்சை முள்ளை உருவிக்கொண்டிருந்தபோது, மேசையில் இருந்த கணினி மணியடித்தது. ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார்.

“ஆமா.”

எதற்கு ஆமா என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. கையைக் கழுவினார், மீனுக்கு மாவு தடவி வெண்ணெயில் போட்டார், அது பொரிவதற்குள் அந்த வார மடலை எழுதி முடித்தார். முரல் மீன் வந்துவிட்டது, துறையில் கிலோ அறுபது குரோனர். ஞாயிறு படகு அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பும். பொதுச் சாப்பாடு வெள்ளிக்கிழமை. எல்லோருக்கும் அனுப்பினார். முரல் என்ற சொல்லில் பிழை இருப்பதாக ஓர்லாவிடமிருந்து உடனே பதில் வந்தது.