சமோரா சாலையில் விழுந்த மரம்

ஹிமேனா ஓச்சோவா அன்று பூப் பார்க்கக் கிளம்பவில்லை. வெள்ளைச் சட்டை, அக்காவிடம் இரவல் வாங்கிய குதிகால் உயர்ந்த செருப்பு, இழுத்துக் கட்டிய தலைமுடி என்று அலங்காரமாக, மலைநகரமான லோஹாவிலிருந்து கீழே சமோராவுக்குப் போகும் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சமோராவில் ஒரு சுரங்கக் கம்பெனி அலுவலகத்தில் அவளுக்கு நேர்காணல்.

பல்கலைக்கழகத்தில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயரெழுதி, அலமாரியில் அடுக்கி வைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. ஆசையெல்லாம் ஆர்க்கிட் மேல். அதிலும் குண்டூசித் தலை அளவுக்குப் பூக்கும் பொடி ஆர்க்கிட்கள்தான் அவளுக்கு உயிர். உலகம் இதுவரை அறியாத ஒரு செடியைக் கண்டுபிடித்து, அளந்து, வரைந்து, பெயர் சூட்டிவிட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகப் பாடுபட்டாள். இரண்டு முறை கிட்டத்தட்ட கைக்கு வந்தது. முதல் முறை பிரேசில்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். இரண்டாவது முறை போன வாரம்தான். அவள் வரைபடங்களுக்குக் கடைசி மை தொட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் அதே செடிக்குப் பெயர் வைத்துக் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். இந்தத் தொழிலில் இரண்டாவதாக வந்தவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"பூவுக்குப் பேரு வெச்சு என்னத்தடி கண்ட? சுரங்கக்காரன் நல்ல வேலை தர்றான், பேசாமப் போய்ச் சேரு" என்று அக்கா செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். ஹிமேனா அதை மாட்டிக்கொண்டாள்.

பக்கத்து இருக்கையில் தோன்யா ஸொய்லா என்றொரு வயதான அம்மா. சமோராவில் தங்கை மகளுக்குக் கல்யாணம். கல்யாண கேக்கைத் தன் கையாலேயே செய்து, பெரிய அட்டைப்பெட்டியில் மடிமேல் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தார். வளைவுக்கு வளைவு, "ஏ பொண்ணே, அந்தப் பக்கம் புடி! கிரீம் சாயுது பாரு!" என்று ஹிமேனாவையும் வேலை வாங்கினார். பின் இருக்கையில் தோன் அமாப்லே, கறுப்புத் தொப்பியும் நீளப் பின்னலுமாக சரகுரோ மலையினத்து மாட்டு வியாபாரி ஒருவர். அவர் மடியில் ஒரு பை. பைக்குள்ளிருந்து ஒரு கோழி தலையை நீட்டி, வருகிற மரங்களை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தது.

மலையில் பாதி இறங்கியதும் பஸ் நின்றது. டிரைவர் உல்பியானோ இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"எல்லாரும் இறங்கிக் காலை நீட்டிக்கங்க. இன்னைக்கு நமக்கு முன்னாடி மலை இறங்கிடுச்சு."

ராத்திரி மழையில் சரிவு பெயர்ந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. மண்ணோடு ஒரு பெரிய மரமும் வேரோடு வந்து ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது. அதன் தலைப்பகுதி மறுபக்கப் பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மண்ணள்ளும் இயந்திரம் ஒன்று வந்து வேலையைத் தொடங்கியிருந்தது.

ஹிமேனா வாட்சைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள். அதன்பின் வாட்சைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

கயிறு கட்டி ஏறினாலும் எட்டாத உச்சிக் கிளைகள் இடுப்பு உயரத்தில் வந்து கிடந்தன. பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று மேலே ஒரு காடே குடியிருந்தது. வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று நினைத்தும் கைப்பையில் வந்து உட்கார்ந்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். பார்த்துக்கொண்டே போனாள். இது தெரியும், இதுவும் தெரியும், இது போன வருஷம் பார்த்தது.

ஓரிடத்தில் நின்றாள்.

சின்ன ஓர் இலை. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு பூ, கொசுவைவிடச் சிறியது. மஞ்சள் இதழ்களுக்கு நடுவே ரத்தச் சிவப்பு. கீழே ஒரு மடல் மட்டும் நீண்டு, பூனை வால்போலச் சுருண்டு, ஓரமெல்லாம் ஊதா ரோமத்தோடு இருந்தது. பொடி ஆர்க்கிட்களில் லெபாந்தெஸ் என்ற வகைதான், சந்தேகமில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் லெபாந்தெஸ்களை அவளுக்குச் சொந்தக்காரர்களைப் போலத் தெரியும். இப்படி வாலோடு ஒன்று அந்தக் குடும்பத்தில் கிடையாது.

இந்த மாகாணத்தில் செடி சேகரிக்க அரசாங்கம் கொடுத்த அனுமதி இன்னும் அவள் பெயரில் உயிரோடு இருந்தது. பூவோடு அந்தத் தண்டைக் கிள்ளி, கைக்குட்டையை ஒரு கல்மேல் விரித்து, அதன்மேல் வைத்தாள். படம் எடுக்கக் கைப்பேசியைத் துழாவினாள்.

ஒரே கொத்து. அவ்வளவுதான்.

பையை விட்டுக் காலாற இறங்கியிருந்த தோன் அமாப்லேயின் கோழி, பூவை விழுங்கிவிட்டு அலகைக் கைக்குட்டையிலேயே துடைத்துக்கொண்டது.

ஹிமேனா போட்ட கூச்சலில் உல்பியானோ தேநீர்க் குவளையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னம்மா, பாம்பா?"

"கோழிங்க! பூவைத் தின்னுடுச்சு!"

"பூதானே" என்றார் தோன் அமாப்லே. "இன்னொண்ணு பறிச்சுக்கங்க."

"இன்னொண்ணு இல்லீங்க! உலகத்துலயே இதுவரைக்கும் யாரும் பார்க்காத பூ. நான் பார்த்தேன். அடுத்தது உங்க கோழி பார்த்துச்சு!"

தோன் அமாப்லே மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். கோழியைத் தூக்கி அதன் முகத்தைப் பார்த்தார்.

"அறுத்துப் பார்க்கலாமா, டாக்டரம்மா?" என்றார். பூதக்கண்ணாடி பிடித்தவரெல்லாம் அவருக்கு டாக்டர்தான்.

அழ வேண்டிய இடத்தில் ஹிமேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேண்டாங்க, அதை விடுங்க. இந்த மரத்துலயே வேற எங்கேயாவது இருக்கும். தேடணும்."

அதற்குள் இயந்திரம் மரத்தை நோக்கி நகரத் தொடங்கியது. அவள் குதிகால் செருப்போடு சேற்றில் ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தாள். மேலேயிருந்து இயந்திரத்தின் ஓட்டுநர் ஃபௌஸ்தோ தலையை நீட்டினார்.

"உயிர் மேல ஆசை இல்லையா? ஒதுங்குங்க! மரத்தைப் பள்ளத்துல தள்ளணும்."

"கொஞ்ச நேரம் குடுங்க, சார். அதுல ஒரு புது ஆர்க்கிட் இருக்கு. தள்ளிட்டா எல்லாம் போச்சு."

"குடுக்கிறதுக்கு நேரம் என்கிட்ட இல்லீங்க. மேலதிகாரி ரேடியோவுல கத்திக்கிட்டே இருக்கார்." அவளுடைய சேறு படிந்த காலையும் வெள்ளைச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார். இரைச்சல் நின்றது. "ஆனா இது பழைய வண்டி. அடிக்கடி சூடாயிடும். ஆறணும்ல?"

பயணிகள் சும்மா விடுவார்களா? எல்லோருக்கும் மேலே கேட்டது தோன்யா ஸொய்லாவின் குரல்தான்.

"நல்லா இருக்குடி நியாயம்! பாசியில மொளைச்ச பூவுக்காக ஊரே காத்துக் கெடக்கணுமா? என் கேக்கு உருகுது. பொண்ணு அங்க கல்யாண மேடையில நிக்குது!"

"கொஞ்சம் பொறுத்துக்கங்க, தோன்யா" என்றார் தோன் அமாப்லே. "தப்பு என் கோழியோடது." கோழியை உல்பியானோ கையில் திணித்துவிட்டு, கம்பளிப் போர்வையைத் தோளில் ஏற்றி, மரத்தின்மேல் முதல் ஆளாகக் குனிந்தார். "எப்படி இருக்கும்னு சொல்லுங்க, டாக்டரம்மா."

ஹிமேனா சொன்னாள். மஞ்சள், நடுவில் சிவப்பு, பூனை வால். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கேட்டார்கள். அவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொன்னார்கள். சும்மா நிற்பதைவிட இது மேல் என்று தோன்றியதோ என்னவோ, ஒவ்வொருவராக மரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். கைப்பேசியைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இலைமேல் பிடிப்பவர்கள் என்று ஒரே அமளி.

"டாக்டரம்மா, இங்க ஒண்ணு!"

"அது பாசிங்க."

"இது?"

"அது எறும்பு."

"அப்ப இது? செவப்பா இருக்கே!"

"அது யாரோ இப்ப ஒட்டின சூயிங்கம்."

ஒவ்வொரு குரலுக்கும் அவள் கிளையைத் தாண்டித் தாண்டி ஓடினாள். பல வருஷமாக அவள் காட்டில் தனியாகத்தான் தேடியிருக்கிறாள். இன்று ஒரு பஸ் கூட்டமே அவளுக்காக முதுகு வளைத்து நின்றது. ரேடியோவில் கத்துகிறவருக்கு ஃபௌஸ்தோ, "ஆமாங்க, இன்னும் சூடுதாங்க, கை வைக்க முடியலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தோன்யா ஸொய்லா மட்டும் தேடவில்லை. வேர்ப்பக்கம் நிழலாக ஓரிடம் பார்த்து, கேக் பெட்டியோடு உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று திட்டுவது நின்றது.

"ஏ பொண்ணே. அந்த வாலு, ஓரத்துல ஊதாவா முடி முடியா இருக்குமா?"

ஹிமேனா சட்டென்று திரும்பினாள். ஊதா ரோமத்தை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எங்க பார்த்தீங்க?"

"அதோ, மரத்தோட தலைப்பக்கம். பள்ளத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கே, அதுக்குக் கீழ. ஒண்ணு இல்ல, கொத்தா இருக்கு. என்ன அப்படிப் பார்க்குற? போன மாசந்தான் ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாங்க. இப்ப எதுத்த வீட்டுக்காரி தட்டுல என்ன இருக்குன்னு இங்கிருந்தே சொல்லுவேன்!"

மரத்தின் அந்தப் பகுதி அந்தரத்தில் நின்றது. ஏறினால் புரண்டுவிடும். ஃபௌஸ்தோ கேட்காமலேயே இன்ஜினைக் கிளப்பி, இயந்திரத்தின் இரும்புக் கையை மரத்துக்கு அடியில் கொடுத்து, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல ஓர் அடி தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஹிமேனா செருப்பைக் கழற்றி வீசினாள். உல்பியானோ பஸ் கூரையில் மூட்டை கட்டும் கயிற்றை அவள் இடுப்பில் சுற்றி, மறுமுனையைத் தானும் நாலு பேருமாகப் பிடித்துக்கொண்டார். வயிற்றால் ஊர்ந்து, தலைகீழாகத் தொங்கி, கையை நீட்டினாள்.

பாசியோடு ஒரு கொத்து கைக்கு வந்தது. இலைக்கு இலை பூ.

அவளை இழுத்துப் போட்டதும் எழுந்த கைதட்டலில் கோழி பயந்து பஸ்ஸுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"இப்ப சாராயம் வேணும்" என்றாள் ஹிமேனா.

"எங்களுக்கும்தான்" என்றார் உல்பியானோ.

"எனக்கில்லீங்க, பூவுக்கு. ஊறப் போடலைன்னா சுருங்கிப் போயிடும். அளக்க முடியாது."

தோன் அமாப்லே இடுப்புப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். கரும்புச் சாராயம், முதல் வடிப்பு. "இதுல போட்டா கெடாதா?"

"கெடாதுங்க."

"அதான பார்த்தேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து உள்ள ஊத்திக்கிட்டு இருக்கேன், நானும் கெடல."

ஒரு செடியைப் பூவோடு அழுத்திக் காய வைக்கச் செய்தித்தாளில் மடித்தாள். சில பூக்கள் குப்பிக்குள் போயின. மிச்சச் செடிகளைப் பயணிகளே ரோட்டோர மரங்களில் பாசியோடு வைத்து நூலால் கட்டினார்கள். அதன்பிறகுதான் ஃபௌஸ்தோவின் வண்டிக்குச் சூடு முழுசாகத் தணிந்தது.

சமோராவில் கம்பெனி வாசலில் இருந்த பெண், வெறுங்காலோடு வந்து நின்ற ஹிமேனாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்த வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. கொஞ்ச நேரம் கழித்துப் பயம் வந்தது. அக்காவிடம் என்ன சொல்வது? செருப்பு வேறு பள்ளத்துக்குள் போய்விட்டது. அந்த வழியாகக் கல்யாண வீட்டுக்குப் போன தோன்யா ஸொய்லா, ஒன்றும் கேட்காமல் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மணப்பெண்ணுக்கு அடுத்தபடியாக அவள் தட்டில்தான் கேக் வைத்தார். ஒரு பக்கம் உருகியிருந்தாலும் கேக் பிரமாதமாக இருந்தது.

அடுத்து வந்த மாதங்கள் நுண்ணோக்கிக்கு முன்னால் கழிந்தன. வாலின் நீளம், ரோமத்தின் வரிசை, இலைத்தண்டைச் சுற்றிய குட்டி மணிகள் போன்ற உறைகள் எல்லாவற்றையும் அளந்தாள், வரைந்தாள், கிழித்தாள், மறுபடி வரைந்தாள். கித்தோ, பொகோதா நகரத்துச் செடிக் கூடங்களில் உள்ள பழைய செடிகளின் படங்களைத் தருவித்து ஒப்பிட்டாள். தினமும் காலையில், யாராவது முந்திவிட்டார்களா என்று புதுக் கட்டுரைகளைப் பார்த்தாள். கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர், இது பழைய செடியொன்றின் வேறு சாயல்தான் என்று மறுத்தார். அவள் இரண்டின் மடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து அனுப்பினாள். அதற்கு அவரிடமிருந்து மறுப்பு வரவில்லை.

கட்டுரை வெளியான அன்று முதலில் தோன்யா ஸொய்லாவுக்குத்தான் போன் போட்டாள்.

"பேரு வெச்சாச்சுங்க. லெபாந்தெஸ் வியாதோரும்."

"வியாதியா? நல்ல பூவுக்கு ஏன்டி இப்படிப் பேரு?"

"வியாதி இல்லீங்க, லத்தீன்ல 'பயணிகளோட'ன்னு அர்த்தம். அன்னைக்கு பஸ்ல வந்தவங்க எல்லாரோட பேர்லயும்."

"எல்லாரும்னா? கோழிக்காரரும் உண்டா?"

"உண்டு."

"கண்டுபிடிச்சது நான். சரி, போகட்டும். ஊர்ல எம்பேருன்னே சொல்லிக்கிறேன், யாரு லத்தீன் படிச்சிருக்கா?"

பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் விழுந்த மரம் ஒன்றில் பார்த்த செடி, நிற்கிற மரத்திலும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. மழை குறைந்ததும் ஹிமேனா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சரிவு எங்கே பிடிக்கும், எங்கே நழுவும் என்று தெரிந்த ஃபௌஸ்தோ லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். மண் பெயர்ந்த தழும்புக்கு மேலே, ஓர் ஓடையோரம், மேகம் வந்து வந்து நனைத்துவிட்டுப் போகும் மரங்களில், அந்தப் பூ இருந்தது. அடிமரம் முழுக்க, கண்ணுக்கு எட்டிய கிளையிலெல்லாம் இருந்தது. ஹிமேனா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க ஒரு கொசு பூ மேல உட்கார்ந்திருக்கு, விரட்டவா?" என்று ஃபௌஸ்தோ கையை ஓங்கினார்.

அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். பூவைப் பெண் பூச்சி என்று நம்பி ஏமாந்து வந்து, மகரந்தத்தைச் சுமந்துபோகும் பொடி ஆண் ஈக்களைப் பற்றி அவள் படித்துத்தான் இருக்கிறாள்; ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அது சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு, சுருண்ட வாலைத் தழுவிக்கொண்டு சுற்றியது.

"ஷ்!" என்றாள் ஹிமேனா. "சத்தம் போடாதீங்க. மாப்பிள்ளை வந்திருக்கார்."