தூரம் எழுதாத அட்டை

தீவனக் கடைச் சுவரில் ராய்ஸ் சுட்ட குறி அட்டையைப் பார்த்த நாளிலிருந்து வெர்னா குபேனாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அட்டையில் ஐந்து ஓட்டைகள். ஒரு கால் டாலர் காசை வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும். கீழே, ‘சத்தமில்லாத் தோட்டா, ராய்ஸ் குபேனா’ என்று கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. ராய்ஸ், செத்துப்போன அவள் கணவனின் தம்பி. அவன் துப்பாக்கி பிடிக்க ஆரம்பித்தே ஒரு வருஷம்தான் ஆகிறது.

வெர்னா ஒன்பது வருஷமாக லொரீன் ஜாண்டாவின் குதிரைப் பண்ணையில் காட்டுப்பன்றி சுடுகிறாள். பண்ணைக் கேட்டின் சாவி வெர்னாவின் சமையலறைக் கொக்கியில்தான் தொங்கும். சாதாரணத் தோட்டா வெடித்தால் சினைக் குதிரைகள் மிரண்டு கம்பி வேலியில் பாயும். அதனால் ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவைத் தானே அடைத்து, சைலன்சர் மாட்டிச் சுடுவாள். மெதுவாகப் போகும் தோட்டா சீக்கிரமே தாழ்ந்துவிடும். வெடிமருந்து துளி கூடினாலும் குறைந்தாலும் மேலே கீழே போகும். நூறு கஜத்தில் அவள் சுடும் ஐந்து ஓட்டைகளின் பரப்பு மூன்று அங்குல அகலத்துக்குக் கீழே வந்ததே இல்லை. அதனால் பன்றிக்கு ஐம்பது கஜம் வரை ஊர்ந்து போய்த்தான் சுடுவாள்.

அந்தச் சுவரில் எல்லாரும் குத்தி வைப்பது நூறு கஜ அட்டை. நேற்று முளைத்தவன் நூறு கஜத்தில் ஐந்தையும் ஒரு அங்குலத்துக்குள் வைப்பதா?

ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் பழம் வைத்த பன் வாங்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, அட்டையப் பாத்தீங்களா?"

"எந்த அட்டை?"

"கடையில தொங்குதே."

"நான் கடைக்குத் தீவனம் வாங்கப் போறேன். செவுத்தப் பாக்க இல்ல."

அவன் சிரித்துவிட்டு இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டான். எப்படி அடைத்தாய், எங்கிருந்து சுட்டாய் என்று கேட்க வெர்னாவுக்கு நாக்கு துடித்தது. கேட்டால் பாராட்டியது போல ஆகிவிடும். எழுந்து அடுப்பைத் துடைக்கப் போனாள்.

மூன்று வாரம் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தை நிறுத்து நிறுத்து அடைத்தாள். நூறு கஜத்தில் அதே மூன்று அங்குலம்.

ஒரு சாயங்காலம் லொரீனோடு அவள் வண்டியில் மேய்ச்சல் நிலத்துக்குப் போனாள். நூறு கஜத்தில் ஒரு ஆண் பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வெர்னா வழக்கம்போல ஊர்ந்து போக இறங்கினாள்.

"ராய்ஸ் நூறுலயே ஒரு அங்குலம் வெக்கிறானாமே," என்றாள் லொரீன். "நீ இன்னும் பாம்பு மாதிரி ஊந்துக்கிட்டிருக்க."

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. துப்பாக்கியை வண்டியின் மூக்கில் சாய்த்து அங்கிருந்தே சுட்டாள்.

காதுக்குப் பின்னால் குறி வைத்தது தாடையில் போய்ப் பட்டது. பன்றி அலறிக்கொண்டு குதிரைகளுக்கு நடுவே ஓடியது. அந்த வாரம் குட்டி ஈன வேண்டிய சாம்பல் குதிரை வேலியில் பாய்ந்து முன்காலைக் கிழித்துக்கொண்டது.

கால்நடை மருத்துவர் தையல் போட்டு முடித்ததும் லொரீன் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு, வெர்னா."

இரண்டு நாள் கழித்து, லொரீன் கொடுத்த அதே சாவியோடு ராய்ஸ் வந்து நின்றான்.

"இந்தத் தோட்டாவ வெச்சு நூறுலயா சுட்டீங்க, அண்ணி?"

"ஏன், நீ சுடலியா?"

"நான் எங்க சுட்டேன்? அந்த அட்டை அம்பதுல சுட்டது. நூறுல என்னோடது கண்டபடி போவுது. உங்களுக்கு எவ்வளவு வருதுன்னு கேக்கத்தான் அன்னிக்கு வந்தேன். நீங்க பேச்சே எடுக்க விடல."

"தூரம் எழுதலியே நீ."

"யாரும் கேக்கலியே."

மறுநாள் காலை வெர்னா ஐம்பது கஜத்தில் அட்டையை நட்டு ஐந்து தோட்டா சுட்டாள். காசை வைத்துப் பார்த்தாள். ஐந்தும் மறைந்து ஓரத்தில் இடம் மிச்சமிருந்தது. ராய்ஸுடையதைவிடச் சின்னது. அந்த நிலைமையிலும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அட்டையில் ‘ஐம்பது கஜம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். வீட்டுக்கு வந்து, சாவி தொங்கிய கொக்கியில் மாட்டினாள்.